எதைக் கொடுத்தாலும் ஓட்டுற மனுசன்

நரேன் கார்த்திகேயன் என்றாலே நம்மூரில் எல்லோரும் 2005-க்குப் போய்விடுகிறார்கள். ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர், ஜோர்டான் அணியின் மஞ்சள் கார், அமெரிக்காவில் நாலாம் இடம். சரிதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் என்னிடம் கேட்டால் 2019 நவம்பர் 24-இலிருந்துதான் ஆரம்பிப்பேன். அன்றைக்கு ஜப்பானில் ஃபுஜி மலையடிவாரத்து டிராக்கில் அந்த மனுசன் செய்த காரியம் இருக்கிறதே, இந்தியாவின் கார் பந்தயச் சரித்திரத்திலேயே அதுதான் உச்சம் என்று மதுரை கோரிப்பாளையத்தில் எந்த டீக்கடையில் உட்காரவைத்துக் கேட்டாலும் சொல்வேன். மறுநாள் காலை ஆசையாகப் பேப்பரைப் பிரித்தால், உள்பக்கத்தில் ஓரமாக நாலு வரி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அன்று தொடங்கிய புலம்பல்தான் இந்தக் கட்டுரை.

டூரிங் கார் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஃபார்முலா கார் என்றால் ஒற்றை ஆள் உட்காருகிற திறந்த வண்டி. நாலு டயரும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். டூரிங் கார் கூரை போட்டது. ஷோரூமில் நிற்கிற காரின் முகமும் முதுகும் அதில் அப்படியே இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும்: சீட் ஒன்றே ஒன்று, அதைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூண்டு, பின்சீட்டு இருந்த இடம் காலி, ஏசி கிடையாது, கதவில் பஞ்சும் துணியும் கிடையாது. ஜெர்மனிக்காரர்கள் 1984-இல் இதற்கென்றே ஒரு தொடரைத் தொடங்கினார்கள். டிடிஎம் என்ற மூன்றெழுத்தில் உலகம் அதைத் தெரிந்துவைத்திருக்கிறது. ஆடி, பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் மூன்றும் தங்கள் உள்ளூர்ப் பகையைத் தீர்த்துக்கொண்ட களம் அது.

ஃபார்முலா 1 ஓட்டியவனுக்குக் கூரை போட்ட கார் என்ன பெரிய விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். டேவிட் கூல்ட்ஹார்ட் ஃபார்முலா 1-இல் 13 பந்தயங்கள் வென்றவர். டிடிஎம்முக்குப் போய் மூன்று சீசன் ஓட்டினார், ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை. மைக்கேல் ஷூமாக்கரின் தம்பி ரால்ஃப், சொந்த மண்ணில், 2008 முதல் 2012 வரை மெர்சிடிஸில் ஓட்டினார்; அவருக்கும் ஒரு வெற்றி இல்லை. இரண்டு முறை உலகச் சாம்பியனான மிகா ஹாக்கினனே அங்கே மூன்று வெற்றியோடு திரும்பினார். அந்தக் கார் அப்படிப்பட்டது. எடை அதிகம். பக்கத்துக் காரோடு உரசினாலும் டயர் கழன்றுவிடாது. அதனால் எதிராளி உரசிப் பார்க்காமல் விடவும் மாட்டான். ஃபார்முலா காரில் கூர்மையாக ஓட்டிப் பழகிய கைகள் இந்த முரட்டுத்தனத்துக்குப் பழகவே வருசக்கணக்கில் ஆகும்.

இனி ஃபுஜிக்கு வருவோம். ஜப்பானில் சூப்பர் ஜிடி என்று ஒரு தொடர் உண்டு. ஹோண்டா, நிசான், டொயோட்டாவின் லெக்சஸ் மூன்றும் 2019-இல் அங்கே இதே மாதிரி அடித்துக்கொண்டிருந்தன. இரண்டு நாட்டுக்காரர்களும் பல வருசம் பேசி, இரண்டு லிட்டர் டர்போ இன்ஜின், 600 குதிரைத்திறனுக்கு மேல் சக்தி என்று விதிகளைக் கிட்டத்தட்ட ஒன்றாக்கிக்கொண்டார்கள். கடைசியில், வா, ஒரே டிராக்கில் மோதிப் பார்ப்போம் என்று ஃபுஜியில் கூடினார்கள். எல்லோருக்கும் ஒரே கம்பெனி டயர். சனிக்கிழமை ஒரு பந்தயம், ஞாயிற்றுக்கிழமை ஒன்று. ஜெர்மனியிலிருந்து ஆடி கார்களும் பிஎம்டபிள்யூ கார்களும் கப்பலேறி வந்தன. டிடிஎம் பட்டத்தை இரண்டு முறை வென்ற மார்க்கோ விட்மன் வந்திருந்தார். அலெக்ஸ் சனார்டியும் வந்திருந்தார். 2001-இல் ஜெர்மனியின் லவுசிட்ஸ் டிராக்கில் நடந்த விபத்தில் இரண்டு கால்களையும் இழந்தவர், கையாலேயே பிரேக்கும் ஆக்சிலேட்டரும் இயக்கும்படி மாற்றியமைத்த பிஎம்டபிள்யூவில் அந்த வாரமும் ஓட்டினார். அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம், எழுதத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் நம்ம ஆள், நகாஜிமா அணியின் 64-ஆம் எண் ஹோண்டா என்எஸ்எக்ஸில். அந்தக் காரில் இன்ஜின் முன்னால் இல்லை. ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருக்கும். பந்தயம் முழுக்க மோதல், பாதுகாப்புக் கார், மறுபடி கிளம்புதல், மறுபடி மோதல். இந்த மாதிரிக் களேபரத்தில் வேகம் மட்டும் போதாது. எப்போது ஒதுங்க வேண்டும், எந்த இடுக்கில் மூக்கை நுழைக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு இருபது வயதுப் பையனுக்கு வராது. நரேனுக்கு அப்போது 42 வயது. கொடி விழுந்தபோது முதலில் கோட்டைத் தாண்டியது கோயம்புத்தூர்க்காரர். ஆடியும் பிஎம்டபிள்யூவும் மற்ற ஹோண்டாக்களும் நிசான்களும் லெக்சஸ்களும் பின்னால். நான் வீட்டு ஹாலில் கத்திய கத்தலில் மேல்வீட்டு அக்கா இறங்கி வந்து, "என்னப்பா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பாயிண்ட் கிடையாத கண்காட்சிப் பந்தயம்தானே அது என்று சில மேதாவிகள் சொல்வார்கள். கேட்டுச் சலித்துவிட்டது. ஜப்பான் மண்ணில் ஜெர்மன் கம்பெனியும், ஜெர்மன் கார் முன்னால் ஜப்பான் கம்பெனியும் தோற்றுப்போக எண்ணி வந்திருப்பார்களா?

எனக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்றால், ஊர்தான் காரணம். மதுரையைச் சுற்றி மேலூர், அலங்காநல்லூர், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் திருவிழா என்றால் மாட்டுவண்டிப் பந்தயம். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாக நடக்கும். விடிகாலையில் தார்ச்சாலையின் இரண்டு பக்கமும் ஊரே நிற்கும். போய்வர எட்டு மைல் என்றால், எல்லையில் வண்டியைத் திருப்புகிற இடத்தில்தான் கூட்டம் அதிகமாக நெருக்கும். ஓட்டம் அங்கேதான் தீர்மானமாகும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். முன்னால் சாரதி, பக்கத்தில் குதித்து ஓடித் துரத்தத் துணைச் சாரதி. என் தாய்மாமன் ஒருவர் மேலூர்ப் பக்கம் வண்டி பூட்டியவர். அவர் மடியிலும் தோளிலும் உட்கார்ந்து பந்தயம் பார்த்து வளர்ந்தவன் நான்.

மாமாவுக்குக் கார் பந்தயம் என்றாலே இளக்காரம். "மிதிச்சா போகுது, விட்டா நிக்குது. இதுல என்ன மாப்ள சாரதித்தனம் இருக்கு? ரெண்டு உசுர ஒண்ணாக் கட்டி ஓட்டிப் பாரு, தெரியும்" என்பார். ஃபுஜிப் பந்தயத்தின் துண்டு வீடியோவைச் செல்போனில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். ஃபுஜியின் நேர்பாதை ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. முழு வேகத்தில் வந்து, முடிவில் வலப்பக்கம் சட்டென்று மடங்குகிற வளைவில் கார்கள் பிரேக் பிடிக்க வேண்டும். அந்த இடம் வந்ததும் போனைக் கையில் வாங்கிக்கொண்டார். மறுபடி போடச் சொன்னார். இன்னொரு தரம். பிறகு சொன்னார்: "இவன் கயித்த இழுக்கல பாரு. பக்கத்து வண்டிக்காரன் பயந்துபோயி முன்னாடியே இழுத்துட்டான். இவன் கடைசி வரைக்கும் விட்டுக் கொண்டாந்து திருப்புறான். நல்ல சாரதிதான்யா, எந்தூருப் பய இவன்?" கோயம்புத்தூர் மாமா என்றேன். "பரவால்ல" என்றார். கொங்கு நாட்டுக்கு மேலூரிலிருந்து அதற்கு மேல் பாராட்டு கிடைக்காது!

கார் பந்தயத்தின் ரகசியமே அதுதான். நேர்பாதையில் ஆக்சிலேட்டரை மிதிக்க யாராலும் முடியும். முந்துவது பெரும்பாலும் பிரேக்கில்தான். எதிராளி நூறு மீட்டர் பலகையில் பிரேக்கைத் தொட்டால், நீங்கள் அவனைவிடச் சில மீட்டர் தள்ளித் தொட வேண்டும். ரொம்பத் தள்ளினால் டயர் பூட்டிக்கொண்டு வெளியே போவீர்கள். அந்தச் சில மீட்டருக்காகத்தான் வாழ்நாள் முழுக்கப் பயிற்சி.

நரேனுக்கு அது வீட்டிலேயே கிடைத்தது. 1977 ஜனவரி 14-இல், நம்ம அவனியாபுரம் வாடிவாசல் திறக்கிற பொங்கல் சமயத்தில் பிறந்தவர். அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியன். தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். அந்தக் காலத்துக் கோவையில் கரிவர்தன் என்று ஒரு மகா மனிதர் இருந்தார். வெளிநாட்டிலிருந்து ரேஸ் கார் இறக்குமதி செய்ய வசதியுள்ளவர்கள் மட்டுமே ஓட்டிய காலத்தில், மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று மலிவு விலையில் ஒரு கார் செய்து, நடுத்தர வீட்டுப் பையன்களையும் சோழவரத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் வரவைத்தவர் அவர். 1995-இல் விமான விபத்தில் இறந்தார். நரேன் ஓட்டிய முதல் பந்தயம் அந்த ஃபார்முலா மாருதியில்தான், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம். முதல் பந்தயத்திலேயே மேடை ஏறினார்.

அப்புறம் பிரான்ஸில் எல்ஃப் வின்ஃபீல்ட் பள்ளி. பிறகு இங்கிலாந்து. 1994-இல் அங்கே ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்று, ஐரோப்பாவில் கார் பந்தயப் பட்டம் வாங்கிய முதல் இந்தியர் ஆனார். 1996-இல் ஃபார்முலா ஆசியா சாம்பியன். இதெல்லாம் சொல்லும்போது ஏதோ படிக்கட்டில் ஏறினது மாதிரி வரிசையாகத் தெரியும். உண்மையில் ஒவ்வொரு வருசமும் அடுத்த வருசத்துக்குப் பணம் எங்கே என்று தேடுகிற வாழ்க்கை அது. 1998-இல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3-இல் சீசன் முழுக்க ஓட்டவே அவரால் முடியவில்லை. மறுவருசம் வந்து பிராண்ட்ஸ் ஹாட்சில் இரண்டு பந்தயம் ஜெயித்தார். 2001 ஜூனில் சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் காரைச் சோதித்து ஓட்டி, ஃபார்முலா 1 கார் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். ஆனால் பந்தயத்தில் இடம் கிடைக்க இன்னும் நாலு வருசம் ஆனது. நடுவில் மினார்டி அணி 2004-க்கு இடம் தரத் தயாராக இருந்தும், கொண்டுவரச் சொன்ன பணத்தைத் திரட்ட முடியாமல் நழுவிப்போனது. கிரிக்கெட்டில் ஒரு இருபது ஓட்டம் அடித்த பையனுக்கு விளம்பரம் குவிகிற நாடு இது. எனக்கு எரிச்சல் வருகிறது, விட்டுவிடுகிறேன்.

2005 மார்ச் 6, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரேலியப் பந்தயம் நம் நேரத்துக்குக் காலை எட்டரை மணி. வீட்டில் இட்லிக்குக்கூட எழுந்து போகாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். தகுதிச் சுற்றில் மழை புகுந்து பெரிய ஆட்களை எல்லாம் பின்னால் தள்ளிவிட்டது. நரேன் 12-ஆம் இடத்தில் நிற்கிறார். ஏழு முறை உலகச் சாம்பியனான மைக்கேல் ஷூமாக்கர் அவருக்கும் பின்னால், கடைசி வரிசைகளில்! அந்த ஒரு காட்சிக்கே கேபிள் காசு தீர்ந்தது. பந்தயத்தில் இரண்டு சுற்று பின்தங்கி 15-ஆவதாக வந்தார். ஜோர்டான் அந்த வருசம் வலுவில்லாத அணி; அதைவிட மேலே போக அந்தக் காருக்கு வழியில்லை. ஆனாலும் வருசக் கடைசியில் சுசூகாவில், மறுபடி மழைத் தகுதிச் சுற்றில், 11-ஆம் இடம் பிடித்துக் காட்டினார். கவனியுங்கள்: மழை வந்து கார்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை அழித்தபோதெல்லாம் இவர் மேலே வந்தார்.

அமெரிக்கா கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜூன் 19, இண்டியானாபோலிஸ். இங்கே நள்ளிரவு நெருங்கும் நேரம். மிஷெலின் டயர்கள் 13-ஆம் வளைவின் சரிவில் தாங்காது என்று அந்த டயர் போட்ட 14 கார்களும் அறிமுகச் சுற்று முடிந்ததும் உள்ளே போய்விட்டன. மிச்சம் ஆறு கார். ஃபெராரி இரண்டு, ஜோர்டான் இரண்டு, மினார்டி இரண்டு. நரேன் நாலாவது, ஐந்து பாயிண்ட். ஒரு இந்தியர் ஃபார்முலா 1-இல் வாங்கிய முதல் பாயிண்டுகள். நான் அவருடைய ரசிகன்தான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், அதே ஜோர்டான் காரில் டியாகோ மான்டெய்ரோ அன்று மூன்றாவது வந்து மேடை ஏறினார். கிடைக்க இருந்த மேடை கைநழுவியது. அதனால்தான் இந்த நாலாம் இடத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அன்றைக்கு ஆறு கார். ஃபுஜியில் இரண்டு நாட்டுக் கம்பெனிகளின் முழுப் படை. எது பெரிது?

பிறகு வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநர் வேலை. ஏ1 ஜிபி என்று நாடுகளுக்கு நடுவே நடந்த தொடரில் 2007 டிசம்பரில் சீனாவின் சூஹாயில் இந்திய அணிக்கு முதல் வெற்றி, அடுத்த மே மாதம் பிராண்ட்ஸ் ஹாட்சில் இன்னொன்று. 2009-இல் பிரான்ஸின் லே மான் 24 மணி நேரப் பந்தயம்: ஆடியின் டீசல் கார், கனவு வாய்ப்பு. பந்தயம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பிட் சுவரில் தவறி விழுந்து தோள்மூட்டு நழுவியது. பந்தயத்தில் ஒரு சுற்றுகூட ஓட்டாமல் முடிந்தது. படிக்கும்போது நமக்கே தோள் வலிக்கிறது.

2010-இல் அவர் செய்ததைத்தான் நான் ரொம்ப ரசிக்கிறேன். அமெரிக்காவுக்குப் போய் நாஸ்கார் ட்ரக் பந்தயத்தில் ஏறிவிட்டார். சரக்கு ஏற்றுகிற பிக்-அப் வண்டி வடிவத்தில் வி8 இன்ஜின் வைத்த முரடு. மார்ட்டின்ஸ்வில் என்ற அரை மைல் வட்டத்தில், ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டே ஓட்டுகிற இடத்தில், முதல் பந்தயத்திலேயே 13-ஆவது. அந்த வருசம் அந்தத் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருது ரசிகர்களின் இணைய வாக்கில் முடிவானது. விருது நரேனுக்கு. அமெரிக்காவின் நாட்டுப்புறத்து ரசிகர்கள் யார் இந்த ஆள் என்று திகைத்திருப்பார்கள். மதுரை டவுன்ஹால் ரோட்டு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எத்தனை மெயில் முகவரியிலிருந்து யாரெல்லாம் வாக்குப் போட்டோம் என்பதை இங்கே விவரமாகச் சொல்லப்போவதில்லை. அதே வருசம் பத்மஸ்ரீயும் கிடைத்தது. அதற்கு எங்கள் வாக்கு தேவைப்படவில்லை.

2011-இல் ஹெச்ஆர்டி என்ற கடைசி வரிசை அணியில் மறுபடி ஃபார்முலா 1. அக்டோபர் 30-இல் இந்தியாவின் முதல் கிராண்ட் பிரீ நொய்டா பக்கம் புத் சர்க்யூட்டில். மதுரையிலிருந்து சம்பர்க் கிராந்தியில் ஏறி, இரண்டு நாள் ரயிலில் புளியோதரை தின்று போய்ச் சேர்ந்தேன். டிவியில் பார்த்ததற்கும் நேரில் பார்த்ததற்கும் சம்பந்தமே இல்லை. அப்போதெல்லாம் வி8 இன்ஜின், நிமிடத்துக்கு 18,000 சுற்று. கார் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னே சத்தம் நெஞ்செலும்பில் வந்து உட்காரும். காதில் பஞ்சு அடைத்திருந்தும் பயனில்லை. புழுதி மூக்கில் ஏறுகிறது, ரப்பர் எரிகிற வாசனை, முன்னே ஜெர்மனியின் செபாஸ்டியன் வெட்டல் யாருக்கும் பிடிகொடுக்காமல் போகிறார். நான் வெட்டலைப் பார்க்க வரவில்லை. கடைசியில் வருகிற அந்த ஹெச்ஆர்டிக்காகச் சுற்றுக்குச் சுற்று எழுந்து நின்று கத்தினேன். நரேன் 17-ஆவது. அவருக்கு அடுத்து, 18-ஆவதாக, அதே அணியின் அதே மாதிரிக் காரில் வந்த பையன் பெயர் டேனியல் ரிக்கார்டோ. பிற்காலத்தில் எட்டு கிராண்ட் பிரீ வென்ற ரிக்கார்டோதான். இந்த ஒரு தகவலை நீங்கள் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நரேனைக் குறைத்துப் பேசுகிறவர்களிடம் எடுத்துவிட உதவும்.

அடுத்த மார்ச்சில் மலேசியாவின் செபாங்கில் அதே வெட்டல் நரேனை ஒரு சுற்று முந்தும்போது இரண்டு கார்களும் உரசின. வெட்டலின் பின்டயர் கிழிந்து பாயிண்ட் போனது. கோபத்தில் நரேனை வெள்ளரிக்காய் என்றெல்லாம் திட்டினார். நடுவர்கள் நரேனுக்கு 20 விநாடி அபராதமும் போட்டார்கள். நான் அந்தக் காட்சியைப் பல தடவை ஓட்டிப் பார்த்தவன். இடம் விட்டு ஒதுங்கியவன் ஒருவன், முந்தி முடிப்பதற்குள் குறுக்கே வந்தவன் இன்னொருவன் என்பது என் தீர்ப்பு. மாட்டுத்தாவணியில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் வெட்டல் ஞாபகம்தான்.

அந்த வருசக் கடைசியில் ஹெச்ஆர்டி அணியே மூடிக்கொண்டது. நரேனுக்கு 35 முடிந்து 36. மற்றவர்களாக இருந்தால் டிவி வர்ணனைக்குப் போயிருப்பார்கள். இவர் ஜப்பானுக்குப் போனார். மொழி தெரியாத ஊர், உள்ளூர் டிராக்கில் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுகிற ஜப்பான் பையன்கள். 2014 முதல் 2018 வரை சூப்பர் ஃபார்முலா. அடுத்த வருசம் கூரை போட்ட காருக்கு மாறி, சூப்பர் ஜிடி. அணியின் முதலாளி சடோரு நகாஜிமா. ஃபார்முலா 1-இல் முழு நேரம் ஓட்டிய முதல் ஜப்பானியர். ஜப்பானின் முதல் ஆள் இந்தியாவின் முதல் ஆளுக்குச் சாவி கொடுத்தார். அந்தச் சாவியைக் கொண்டுதான் ஃபுஜி.

ஃபார்முலா மாருதி, ஃபோர்டு, ஃபார்முலா 1, டீசல் லே மான் கார், அமெரிக்க ட்ரக், கடைசியில் ஜெர்மனியின் டூரிங் கார்களை வென்ற ஹோண்டா. எதைக் கொடுத்தாலும் உட்கார்ந்து ஓட்டுகிற மனுசன். இந்த மாதிரி ஒரு பட்டியல் உள்ள இந்தியர் வேறு யாரும் கிடையாது. சென்னையின் கருண் சந்தோக் 2010-இல் ஃபார்முலா 1-க்குப் போனார். பெங்களூரின் அர்ஜுன் மைனி 2021-இல் மெர்சிடிஸ் காரில் டிடிஎம்மிலேயே இறங்கி, அங்கே ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். எல்லோருமே கெட்டிக்காரர்கள். ஆனாலும் காட்டை வெட்டிப் பாதை போட்டவர் இவர்.

டிவியில் மட்டும் பார்த்துவிட்டு இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று கோவை செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போக ஆரம்பித்தவன் நான். அந்தக் கரிவர்தன் பெயரில் 2003-இல் திறந்த டிராக். சுமார் இரண்டு கிலோமீட்டர். பெரிய ஜோடனை ஒன்றும் இருக்காது. வெயில், வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் கார். அதுதான் அதன் அழகே. புத் சர்க்யூட்டில் காசு கொடுத்தும் கிடைக்காத நெருக்கம் இங்கே உண்டு. போலோ, வென்டோ என்று ஜெர்மன் கம்பெனியின் கார்களை ஒரே மாதிரி தயார் செய்து நம் பையன்கள் மோதிய பந்தயங்களும் இங்கே நடந்திருக்கின்றன. ஐந்தாறு கார் ஒன்றன் பின் ஒன்றாகப் பம்பரோடு பம்பர் ஒட்டி வளைவுக்குள் நுழையும்போது, உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி ஒரு கணம் சும்மா சுழலும். கார் திரும்பி முடித்ததும் தொப்பென்று உட்காரும். அந்தச் சக்கரம் எழும்புகிற உயரத்தைப் பார்த்தே ஓட்டுகிறவன் எவ்வளவு துணிந்து திருப்பினான் என்று சொல்லிவிடலாம். பந்தயம் முடிந்து நிறுத்திய காரின் டயரைத் தொட்டுப் பார்த்தேன். ரப்பர் இளகிப் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது, டிராக்கில் பொறுக்கிய சிறுகற்கள் அதில் பதிந்திருந்தன. கதவைத் திறந்து இறங்கிய பையன் ஹெல்மெட்டைக் கழற்றினால் தலையிலிருந்து வியர்வை சொட்டுகிறது. மெக்கானிக்கைப் பார்த்து அவன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, பிரேக் பேடு அடுத்த ரேஸுக்குத் தாங்குமா?"

இப்போது தமிழ்நாட்டில் காற்று மாறியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரத் தெருப் பந்தயமே நடந்துவிட்டது. நடிகர் அஜித்குமார் 2025 தொடக்கத்தில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பெயரில் அணி இறக்கி, அந்த அணி தன் பிரிவில் மூன்றாவது வந்தபோது மதுரையில் படம் ரிலீஸான மாதிரி போஸ்டர் ஒட்டினார்கள். அதே அஜித் அணியில் ஆசிய லே மான் தொடருக்காக நரேன் சேர்கிறார் என்று 2025 நடுவில் அறிவிப்பு வந்தது. 48 வயதில் இன்னொரு வகைக் கார்! போஸ்டர் ஒட்டிய தம்பிகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அஜித் அண்ணனுக்கு ஒட்டும்போது பக்கத்தில் நரேன் படத்தையும் பெரிதாகப் போடுங்கள்.

ரிங் ரோட்டில் ராத்திரி பைக் முறுக்குகிற பையன் வீட்டில் இருந்தால் அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை செட்டிபாளையத்துக்குக் கூட்டிப்போங்கள். ஆரப்பாளையத்தில் விடிவதற்குமுன் கோவை பஸ் பிடித்தால் சிங்காநல்லூரில் இறங்கி, டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ எடுத்து, மதியப் பந்தயத்துக்குப் போய்ச் சேரலாம். தேசியப் பந்தயம் எந்த வாரம் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். தொப்பி, தண்ணீர், காதுக்குப் பஞ்சு மறக்க வேண்டாம். நேர்பாதையில் நிற்காதீர்கள், பிரேக் பிடிக்கிற வளைவுப் பக்கம் போய் நில்லுங்கள்.